சைன் பிறந்தது வட்டத்தில்

பள்ளிக்கூடத்தில் சைன் நமக்குச் செங்கோண முக்கோணத்தின் வழியாக அறிமுகமாகிறது. எதிர்ப்பக்கம், கர்ணம், கலங்கரை விளக்கத்தின் உயரம் என்று இரண்டு வகுப்புகள் கடந்த பிறகே வட்டம் தலைகாட்டுகிறது. வரலாறு நடந்ததோ தலைகீழாக. வட்டப்பாதையில் சுற்றும் ஒரு புள்ளி இந்த நேரத்தில் எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டிய வானியல் தேவைக்காகவே சைன் உருவானது. முக்கோணம் அதைச் சொந்தமாக்கிக்கொண்டது வெகு பின்னால். இதற்கு நல்ல சாட்சி, கி.பி. 499ஐத் தன் காலக்குறிப்பாகச் சொல்லும் ஆரியபடீயம். அதில் ஒரே செய்யுளுக்குள் 24 எண்கள் அடைபட்டிருக்கின்றன: 225, 224, 222 என்று தொடங்கி 22, 7 என்று முடிகின்றன. கால்வட்டத்தை 24 ஆகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியிலும் அரைநாண் எவ்வளவு வளர்கிறது என்பதையே இவை சொல்கின்றன. எல்லாவற்றையும் கூட்டினால் 3438, அதுதான் ஆரம். முழு வட்டத்துக்கு 21,600 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). ஆரியபட்டர் தரும் 62,832க்கு 20,000 என்ற சுற்றளவு–விட்ட விகிதப்படி ஆரத்தையும் கலையிலேயே அளந்தால் கிடைப்பது 3438. மரத்தின் உயரத்தை அளப்பவனுக்கு ஆரத்தையும் வில்லையும் ஒரே அலகில் வைக்க அவசியம் ஏதுமில்லை. வட்டத்தின் மேல் நகரும் ஒன்றைப் பின்தொடர்பவனுக்கு அது பெரிய வசதி.

அந்த அட்டவணை பயன்பட்ட விதம் இதை இன்னும் தெளிவாக்குகிறது. தொடக்கக் கோட்டிலிருந்து 30 பாகை நகர்ந்த புள்ளியை எடுத்துக்கொள்வோம். முதல் எட்டு எண்களின் கூட்டுத்தொகை 1719, ஆரத்தில் சரிபாதி. இது புஜஜ்யா, நம் சைன். அட்டவணையின் மறுமுனையிலிருந்து எட்டுப்படி பின்வாங்கினால் பதினாறாவது இடம் வரையிலான கூட்டுத்தொகை 2978. இது கோடிஜ்யா, நம் கொசைன். இந்த இரண்டு எண்களும் சேர்ந்தால் புள்ளியின் இடம் உறுதியாகிவிடும். புள்ளி 150 பாகைக்குப் போனாலும் அதே 1719தான், கோடிதான் திசை மாறும். ஒற்றைப் பாதத்தில் (முதல், மூன்றாம் கால்வட்டங்களில்) கடந்த வில்லுக்குப் புஜம், கடக்க வேண்டியதற்குக் கோடி. இரட்டைப் பாதத்தில் இதற்கு மாற்று. இவற்றிலிருந்து கோளின் இடத்துக்குக் கிடைத்த திருத்தத்தை ஓர் அரைவட்டத்தில் கூட்ட வேண்டும், மறு அரைவட்டத்தில் கழிக்க வேண்டும். இன்று நாம் போடும் கூட்டல், கழித்தல் குறிகளின் வேலையை அன்று இந்த விதிகள் பார்த்தன. செங்கோண முக்கோணத்துக்குள் 150 பாகைக் கோணம் இருக்கவே முடியாது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

அட்டவணைக்குள்ளேயே இன்னொரு தடயமும் உண்டு. அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தைப் பாருங்கள்: தொடக்கத்தில் 1, கடைசியில் 15, எட்டாம் இடத்தில் (199லிருந்து 191) 8. அதாவது சைன் ஆரத்தில் பாதியாகும் இடத்தில் வித்தியாசமும் ஏறக்குறையப் பாதி. சைனின் வளர்ச்சி குறையும் வேகம் சைனுக்கே விகிதமாக இருக்கிறது. இது நகரும் புள்ளியைப் பற்றிய உண்மை. இந்த இழையைப் பிடித்துக்கொண்டுதான் கேரளத்துச் சங்கமகிராமத்து மாதவர் சைனுக்கு முடிவிலாத் தொடர் கண்டார். அவர் பெயரில் வழங்கும் 24 மதிப்புகள் கலையை அறுபதாகவும், அதை மீண்டும் அறுபதாகவும் பகுத்த நுட்பம் கொண்டவை. அவருக்குப் பின் ஜ்யேஷ்டதேவர் மலையாள உரைநடையில் எழுதிய யுக்திபாஷை அதற்கு நிரூபணம் தருகிறது: வில் சிறிது நகரும்போது புஜத்தின் மாற்றம் கோடிக்கு விகிதம், கோடியின் மாற்றம் புஜத்துக்கு விகிதம். நிரூபணத்தில் முக்கோணங்கள் வரத்தான் செய்கின்றன, ஆனால் கூலியாட்களாக.

இதெல்லாம் கிரேக்கரிடமிருந்து வந்ததுதானே என்று கேட்கலாம். ஆரம் 60 என வைத்து, அரைப் பாகைக்கு ஒன்றாகத் தாலமி கணித்த நாண் அட்டவணை ஆரியபட்டருக்கு மூன்று நூற்றாண்டு மூத்தது; நாண்களைக் கணிக்கும் எண்ணம் மேற்கிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அது என் வாதத்துக்கு வலு சேர்க்கிறதே தவிரக் குலைக்கவில்லை. தாலமியும் கோள்களைத்தான் தேடினார். நாணைப் பாதியாக்கியது அற்ப மாற்றமும் அல்ல. முழு நாண் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரம். அரைநாண் ஒரு புள்ளி மையக்கோட்டிலிருந்து விலகிய தூரம். சங்கு நட்டு நிழல் அளந்தவர்கள் முக்கோணத்தைப் பயன்படுத்தவில்லையா என்பது அடுத்த கேள்வி. பயன்படுத்தினார்கள். ஆனால் சங்கையும் நிழலையும் இணைக்க வர்க்கமூலம் போதும். சூரியனின் உயரத்தை வில்லாகச் சொல்ல வேண்டியபோது அதே முக்கோணத்தை 3438 ஆரமுள்ள வட்டத்துக்குப் பெருக்கிக்கொண்டார்கள். முக்கோணக் கணக்கு வானியலிலிருந்து பிரிந்து தனித் துறையானது 13ஆம் நூற்றாண்டில், நசீருத்தீன் தூசியின் கையில். ஐரோப்பாவில் பிடிஸ்கஸ் 1595இல் அதற்கு முக்கோணத்தை வைத்தே பெயரிட்டு நூல் வெளியிட்டார், அந்தப் பெயரே நிலைத்தது. 1748இல் ஆய்லர் ஆரத்தை 1 என வைத்து, சைனையும் கொசைனையும் வில்லின் சார்புகளாக எழுதினார். ஆரத்துக்கும் வில்லுக்கும் ஒரே அலகு என்ற ஆரியபட்டரின் ஏற்பாடு 3438 என்ற எண்ணை உதறிவிட்டு அதில் தொடர்கிறது.