சாயம் காட்டிக்கொடுத்த செல்

கால்நடை நோயறி ஆய்வகத்தில் ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றுவது என் வேலை. நாயின் தோல் கட்டியிலிருந்து ஊசியால் உறிஞ்சிய துளியைக் கண்ணாடியில் பரப்பி, டொலுயிடின் நீலத்தில் முக்கி எடுப்பேன். சுற்றிலும் எல்லாம் நீலமாக இருக்க, மாஸ்ட் செல் என்னும் நோயெதிர்ப்புச் செல்லுக்குள் மட்டும் செவ்வூதா மணிகள் அப்பிக் கிடக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

இந்தச் செல்லை முதலில் பிரித்தறிந்தவர் பால் எர்லிக். ஜெர்மனியில் துணிச் சாயமாகப் பெருகியிருந்த அனிலின் சாயங்களைத் திசுக்களில் ஏற்றிப் பார்த்து, 1878இல் லைப்சிக் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு எழுதினார். அப்போது வயது 24! நன்கு ஊட்டம் பெற்ற செல்கள் இவை என்று நினைத்தார். அந்த விளக்கம் நிற்கவில்லை, கண்டுபிடிப்பு நின்றது. மணிகளுக்குள், திசுவைச் சிவந்து வீங்கச் செய்யும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருள் இருப்பதை ஆய்வாளர்கள் ரைலியும் வெஸ்டும் நிறுவியது 1953இல். கட்டியைப் பிசைந்தால் ஏன் சிவந்து வீங்குகிறது என்பது அதன் பிறகே தெளிவாயிற்று.

மனிதரிடம் மாஸ்ட் செல் கட்டி அபூர்வம், நாய்களிடம் சாதாரணம். 1984இல் பட்நாயக் குழு இதை மூன்று தரமாகப் பிரித்தது. 2011இல் வந்த இரு தர முறை, செல் பிளவுகளை எண்ணச் சொல்கிறது. சுற்றியுள்ள நல்ல திசுவோடு சேர்த்து வெட்டி எடுப்பதே இன்றும் முதல் சிகிச்சை. கிட் என்னும் புரதத்தைத் தடுக்கும் டொசெரானிப் மாத்திரைக்கு 2009இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

உங்கள் நாயின் தோலில் புதிதாகக் கட்டி தென்பட்டால் தயவுசெய்து நசுக்காதீர்கள். ஊசிப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.