கான்டெஸாவுக்குக் கிடைத்த இன்ஜின், ஸ்டாண்டர்ட் 2000-க்குக் கிடைக்காத இன்ஜின்

இன்ஜின் ஸ்வாப்னு சொன்னாலே ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்ல, பழைய காரைப் பிரிச்சுப் போட்டு, செயின் பிளாக்ல வேற இன்ஜினைத் தொங்கவிட்டு இறக்குற காட்சிதான் நமக்கு ஞாபகம் வரும். இந்த எபிசோடு அதைப் பத்தி இல்லை. கார் கம்பெனியே தன்னோட பெரிய குடும்பக் காருக்கு வேற இன்ஜின் மாத்துறதைப் பத்தி. 1980களில் இந்தியாவில் ரெண்டு கம்பெனிகளுக்கு அந்தத் தேவை வந்தது. ஒண்ணு மாத்தினது, இன்னொண்ணால மாத்த முடியலை. ரெண்டாவது கம்பெனி நம்ம மெட்ராஸ் கம்பெனி.

முதல்ல கான்டெஸா. பழைய படங்கள்ல வில்லன் வந்து இறங்குற அந்த நீளமான கார். அதோட உடம்பு பிரிட்டன்ல இருந்து வந்தது. ஜெனரல் மோட்டார்ஸோட பிரிட்டிஷ் கிளையான வாக்ஸ்ஹால் 1972-ல் விட்ட விக்டர் எஃப்இ, பிறகு விஎக்ஸ்னு பேர் மாறி 1978 வரை ஓடினது. அந்த அச்சுகளை வாங்கி, மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கான்டெஸாவைக் கொண்டுவந்தது.

பிரிட்டன்ல அந்த உடம்புக்குள்ள 1.8 லிட்டர், 2.3 லிட்டர் இன்ஜின்கள் இருந்தது. வென்டோராங்கிற மாடலில் 3.3 லிட்டர் ஆறு சிலிண்டர்கூட உண்டு. இங்க அம்பாசடரோட 1489 சிசி இன்ஜினைத் தூக்கி வெச்சாங்க. சுமார் 50 குதிரைத்திறன். அது பிஎம்சி பி-சீரிஸ் குடும்பம், அதோட வேர் 1940களில் இருக்கு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கான்டெஸா சுமார் 1,200 கிலோ. அப்போ டன்னுக்கு 42 ஹெச்பி வருது. முந்தைய வருஷக் கடைசியில் வந்த மாருதி 800-ஐ எடுத்துக்கோங்க. 796 சிசி, கிட்டத்தட்ட 40 ஹெச்பி, எடை 650 கிலோ பக்கம். டன்னுக்கு 60 ஹெச்பி தாண்டுது. அதாவது பணக்காரங்க காருன்னு வித்த கார், தீப்பெட்டின்னு கிண்டல் பண்ணின காரைவிட சோம்பேறி. இதுல ஏசி போட்டா கம்ப்ரஸர் தனியா நாலஞ்சு ஹெச்பி சாப்பிடும். நாலு பேர், டிக்கியில சாமான், முன்னாடி ஒரு மேடு. முதலாளி பின் சீட்ல உட்கார்ந்து லாரிக்குப் பின்னாடியே போக வேண்டியதுதான்.

சரி, தெரிஞ்சே ஏன் அப்படிப் பண்ணாங்க? அவங்க கையில இருந்த இன்ஜின் அதுதான். லைசென்ஸ் ராஜ் காலம். வெளிநாட்டு இன்ஜினுக்கு அரசு அனுமதி வேணும், அந்நியச் செலாவணி வேணும், அதைச் செய்ய மெஷின் வேணும். புது உடம்பைக் காட்டினா ஷோரூம்ல கூட்டம் வரும். இன்ஜினை யாரும் திறந்து பார்க்கிறதில்லை. எங்க சாப்ட்வேர் தொழில்லயும் இதே பழக்கம் உண்டு, பழைய பேக்கெண்டுக்கு மேல புது ஸ்கிரீன் மாட்டி ரிலீஸ் பண்ணிடுவோம். முதல் வாரம் எல்லாரும் கை தட்டுவாங்க.

கான்டெஸாவைக் காப்பாத்தினது ஜப்பான். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இசுசுவோட தொழில்நுட்ப ஒப்பந்தம் போட்டு, மத்தியப் பிரதேசத்தில் பீதம்பூரில் இன்ஜினும் கியர்பாக்ஸும் செய்ய ஆரம்பிச்சது. 1817 சிசி, மேலேயே கேம்ஷாஃப்ட் வெச்ச பெட்ரோல் இன்ஜின், 88 ஹெச்பி. அதோட அஞ்சு ஸ்பீடு கியர்பாக்ஸ். அதே 1,200 கிலோன்னு வெச்சுக்கிட்டா டன்னுக்கு 73 ஹெச்பி. அதுக்கப்புறம்தான் அது தன் உடம்புக்கு ஏத்த மாதிரி நடந்துக்கிச்சு.

இங்க ஒரு சொந்தபந்த விஷயம் இருக்கு. 1971-லேயே ஜெனரல் மோட்டார்ஸ் இசுசுவில் 34 சதவீதத்துக்கு மேல பங்கு வாங்கியிருந்தது. வாக்ஸ்ஹாலும் அதே ஜெனரல் மோட்டார்ஸ்தான். அதனால கான்டெஸாவுக்குள்ள வந்தது யாரோ ஒருத்தர் இன்ஜின் இல்லை, பெரியப்பா பையன் இன்ஜின். பிறகு 1990களில் அதே குடும்ப இன்ஜின் அம்பாசடருக்குள்ளயும் போனது. பம்பாயில் பிரீமியர் கம்பெனியும் 1985-ல் ஃபியட் 124 உடம்புக்குள்ள நிசானோட 1171 சிசி இன்ஜினை வெச்சு 118என்இ-னு வித்தது. பழைய ஐரோப்பிய உடம்பு, ஜப்பான் இதயம் - அந்தக் காலத்து ஃபார்முலாவே அதுதான். கான்டெஸா 2002 வரை தாக்குப்பிடிச்சது.

இப்போ மெட்ராஸுக்கு வருவோம். வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. ஹெரால்டும் கஸலும் செஞ்ச கம்பெனி. 1970களின் கடைசிக்குள்ள கார் செய்யுறதையே நிறுத்திட்டு, ஸ்டாண்டர்ட் 20-ங்கிற வேனை மட்டும் ஓட்டிக்கிட்டு இருந்தது. 1985-ல் திரும்பி வந்தாங்க, அதுவும் ரோவர் எஸ்டி1 உடம்போட. பேர் ஸ்டாண்டர்ட் 2000. எஸ்டி1 சாதாரணக் கார் இல்லை. 1976-ல் வந்து, 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் பட்டத்தை வாங்கினது. அதோட உயிரே 3.5 லிட்டர் வி8 இன்ஜின்தான்.

அந்த வி8-க்கே ஒரு இன்ஜின் மாற்றக் கதை இருக்கு, அதைச் சொல்லாம நகர முடியாது. அது பிறந்தது அமெரிக்காவில். ஜெனரல் மோட்டார்ஸோட ப்யூக் பிரிவு 1961-ல் கொண்டுவந்த அலுமினிய இன்ஜின். ரெண்டு மூணு வருஷத்துல அவங்களே கைவிட்டுட்டாங்க. ரோவரோட நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட், வேற வியாபாரமா அமெரிக்கா போனவர், படகு இன்ஜின் கம்பெனியான மெர்குரியோட இடத்துல தரையில கிடந்த இந்த இன்ஜினைப் பார்த்தார். உரிமையை வாங்கினாங்க. ப்யூக்கில் அதை வடிவமைச்ச ஜோ டர்லே ஓய்வு பெறுற வயசுல இங்கிலாந்து போய் உதவினார்.

ரோவர் அந்த மாற்றத்தைப் பண்ணின விதம்தான் எனக்குப் பிடிச்சது. 1967-ல் பி5-ங்கிற கனமான காரில் மூணு லிட்டர் ஆறு சிலிண்டரை எடுத்துட்டு வி8 வெச்சாங்க. பெரிய இன்ஜின், ஆனா அலுமினியம்ங்கிறதால எடை குறைஞ்சது. பிரிட்டிஷ் பிரதமர்கள் தாட்சர் வரைக்கும் அந்தக் காரில் போனாங்க. அடுத்த வருஷம் பி6. அந்தக் காரை வடிவமைச்சப்போ எதிர்காலத்துல கேஸ் டர்பைன் வைக்கலாம்னு யோசிச்சு, முன்பக்கத்தை அகலமா விட்டிருந்தாங்க. டர்பைன் வரவே இல்லை, அந்த இடத்துல வி8 போய் உட்கார்ந்தது. அப்பவும் பேட்டரிக்கு இடமில்லாம அதை டிக்கிக்கு மாத்தினாங்க. இன்ஜின் மாற்றம்னா இப்படித்தான். ஒண்ணைத் தொட்டா ரேடியேட்டர், கியர்பாக்ஸ், பின் அச்சின் பல் விகிதம், பிரேக்குன்னு வரிசையா எல்லாத்தையும் தொடணும்.

அப்படி வந்த வி8-க்குன்னே செஞ்ச உடம்பு எஸ்டி1. மெட்ராஸ்ல அதுக்குள்ள போனது அந்த வேன் இன்ஜின். 1991 சிசி, நாலு சிலிண்டர், ஸ்டாண்டர்ட் வான்கார்டுன்னு 1940களில் வந்த காரோட வம்சம். ஃபெர்குசன் டிராக்டர்ல ஓடினதும் இதே குடும்பம்தான். கேலி பண்ண வேண்டாம், அதே 1991 சிசி ட்ரயம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரை மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல ஓட்டிச்சு. ஆனா டிஆர்2 ஒரு டன்னுக்கும் குறைவான ரெண்டு சீட்டுக் கார். எஸ்டி1 ஒரு டன்னுக்கும் நல்லா மேல. நம்ம ரோட்டுக்காக உயரம் வேற ஏத்தியிருந்தாங்க. விலையோ அன்னைக்கு இந்தியக் கார்கள்ல உச்சத்துல இருந்தது. மைலேஜைப் பத்திப் புகார் மேல புகார். அந்த விலையைக் கொடுக்கக்கூடியவங்களுக்குக் கடையில இசுசு கான்டெஸா இருந்தது.

ஸ்டாண்டர்ட் இன்ஜினீயர்களுக்கு இது தெரியாதுன்னு நான் நம்ப மாட்டேன். உடம்பை வெட்டி ஒட்டிச் செஞ்சு பார்த்தவங்க அவங்க. ஆனா பிர்லா மாதிரி பெரிய குழுமம் பின்னாடி இருந்து, ஜப்பானோட ஒப்பந்தம் போட்டு, இன்ஜினுக்குன்னு தனித் தொழிற்சாலை கட்டுறது ஒரு மாடலை மட்டும் நம்பி நின்ன கம்பெனியால ஆகுற காரியமில்லை. முதல்ல கார் வித்துப் பணம் வரணும், அப்புறம்தான் புது இன்ஜின். புது இன்ஜின் வந்தாத்தான் கார் விக்கும். இந்தச் சுழல்லயே 1988-ல் தொழிற்சாலை நின்னுபோச்சு. அங்க வேலை பார்த்தவங்களுக்கு அதோட வருமானமும் போச்சு. வண்டலூர் வழியா தினமும் ஐடி கம்பெனி பஸ்ல போற எத்தனை பேருக்கு அங்க கார் செஞ்சாங்கன்னு தெரியும்?

விக்காம மிச்சமிருந்த பாகங்களை இங்கிலாந்துல ரோவர் உதிரிபாகம் விக்கிற ஒரு கடை மொத்தமா வாங்கிட்டுப் போனது. மெட்ராஸ்ல செஞ்ச பாகங்கள், துருப்பிடிச்ச பிரிட்டிஷ் எஸ்டி1 கார்களுக்கு ஸ்பேரா மாட்டப்பட்டது. அதுல நிறைய கார்கள்ல பானட்டைத் திறந்தா அந்த வி8 இருந்தது.