மாநிலங்களவையும் வாழிட விதியும்

இந்திய மாநிலங்களவைக்குப் போட்டியிடுபவர் அந்தந்த மாநிலத்தின் வாக்காளராயிருத்தல் வேண்டும் என 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் விதித்தது. பட்டியலில் பெயரேற ஒரு முகவரி போதுமானதாயிற்று. பஞ்சாபியரான மன்மோகன் சிங் 1991இல் குவகாத்தி முகவரியுடன் அசாமின் உறுப்பினரானார். விதி நலிந்திருந்தமைக்கு வேறு சான்று வேண்டா.

2003ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விதியை நீக்கியது. பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் தொடுத்த வழக்கில், வாழிடத் தகுதி கூட்டாட்சியின் இன்றியமையாக் கூறன்று என உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. எனினும், அதே திருத்தம் இரகசிய வாக்கெடுப்பை ஒழித்ததையே நாம் பெரிதெனக் கருதுகிறோம். வாக்கு விலைபோவதைத் தடுப்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். கட்சி சார்ந்த சட்டமன்ற உறுப்பினர் தம் வாக்குச்சீட்டைக் கட்சி முகவரிடம் காட்டிய பின்னரே பெட்டியில் இடுகிறார். மாநிலப் பிரதிநிதியைத் தெரிவுசெய்யும் உரிமை சட்டமன்றத்தினின்று கட்சித் தலைமைக்குப் பெயர்ந்தது இவ்விடத்திலேதான்.