ஐந்நூறு வெள்ளிக்கு யாரிடம் போவது?

ஊரில் ஒரு சாவு. அல்லது பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு. இன்றைக்கே 500 வெள்ளி வேண்டும். குறைந்த வட்டியில் யார் தருவார்கள்? இந்த மண்ணில் இது நூறாண்டைத் தாண்டிய கேள்வி.

கடன் என்றதும் பலருக்கும் செட்டியார்களின் நினைவே வரும். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் கோலாலம்பூர் அம்பாங் ஸ்திரீட்டிலும் அவர்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே நீளக் கூடத்தில், ஆளுக்கொரு பெட்டியும் மேசையுமாகப் பல கடைகள். ஆனால், அங்கே போனவர்கள் ஈயச்சுரங்க முதலாளிகள், வணிகர்கள், நிலப்பட்டா வைத்திருந்தவர்கள். அரசாங்கக் குமாஸ்தாக்களும் புரோநோட்டில் கையெழுத்திட்டு வாங்கினார்கள். பால்மரம் வெட்டிய தொழிலாளிக்கோ கங்காணியும் மளிகைக் கடைப் பற்றுக் கணக்கும்தான் கதி.

குமாஸ்தாக்களின் கடன்சுமை அரசாங்கத்துக்கே தலைவலியானது. 1922இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் அஞ்சல், தந்தி ஊழியர்களின் சிக்கன நாணயச் சங்கம் முதலாவதாகப் பதிவானது. சம்பளத்தில் பிடித்த சேமிப்பிலிருந்தே கடன். கட்டிய வட்டியும் சங்கத்துக்குள்ளேயே இருந்தது. மலிவான வழிதான். ஆனால், முன்கூட்டியே உறுப்பினராகிச் சேமித்திருக்க வேண்டும். அவசரம் அதுவரை காத்திருக்குமா?

பெண்கள் கூட்டுப் பணம் பிடித்தார்கள். பத்துப் பேர் மாதம் 50 வெள்ளி போட்டால் 500. முறை வைத்து எடுத்தால் வட்டியே இல்லை. பிடித்தவர் ஓடிவிட்டால் எல்லாம் போயிற்று! கூட்டு நடத்துவதைத் தொழிலாக்குவதை மலேசியா 1971இல் தடைசெய்தது.

வேகத்தில் அடகுக் கடையை மிஞ்ச ஆளில்லை. சங்கிலியை நீட்டினால் சில நிமிடங்களில் பணம். ஜாமீனும் சம்பளச் சீட்டும் கேட்பதில்லை. மனைவியின் கழுத்துதான் பல குடும்பங்களுக்கு வங்கி. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி வட்டி மாதம் 2 விழுக்காடு. 500 வெள்ளிக்கு மூன்று மாதத்தில் 30 வெள்ளி.

இங்கேதான் ஒரு வேடிக்கை. 1951ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டம், ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரையே அனுமதிக்கிறது. அதே கணக்கில் 22 வெள்ளி 50 காசுதான்! தாளில் இது அடகை விட மலிவு. ஆனால், அந்த 22 வெள்ளிக்காக உரிமம் பெற்ற எவர் பத்திரம் எழுதி, முத்திரை குத்தி, பின்னால் அலையப் போகிறார்? அவர் கைவிட்ட சின்னக் கடன்காரரை வட்டி முதலை வரவேற்றது. நகையில்லாதவர்கள்தான் அதிகம் அகப்பட்டார்கள்.

1992இல் திரெங்கானுவில் அர்-ரஹ்னு எனும் இஸ்லாமிய அடகு முறை தொடங்கியது. வட்டி கிடையாது, நகையைக் காப்பதற்குக் கூலி மட்டும். பிற சமயத்தாரும் நகையோடு போனார்கள். பல இடங்களில் அந்தக் கூலி, வாங்கிய கடனுக்கு அல்ல, வைத்த நகையின் மதிப்புக்குக் கணக்கிடப்பட்டது. 500 வெள்ளிக்காகப் பெரிய சங்கிலியைக் கொண்டு போனவர் கூடுதலாகக் கட்டினார். ஒற்றை வளையலை வைத்தவர் குறைவாகக் கட்டி மீட்டார்.