வெற்றுக் காசோலையும் வங்கி ஏடும்: அறந்தாங்கிப் பகுதிக் கடன் வழக்கத்தை முன்வைத்து

அறந்தாங்கிப் பக்கம் தேங்காய் வியாபாரியோ, கோட்டைப்பட்டினத்து விசைப்படகுக்காரரோ, பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பப் பணம் தேடும் குடும்பமோ தனியாரிடம் வட்டிக்கு வாங்கும்போது பெரும்பாலும் இரண்டு தாள்களில் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒன்று ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புரோநோட்டு. மற்றொன்று தொகையும் தேதியும் எழுதாத செக். தமிழகமெங்கும் உள்ள வழக்கம்தான் இது. புரோநோட்டை வைத்து உரிமையியல் நீதிமன்றத்தில் மூன்றாண்டுக்குள் தாவா போடலாம், அவ்வளவே. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 138ஆம் பிரிவோ, பணமில்லாமல் திரும்பிய செக்கைக் குற்றமாக்கியது. கடன் கொடுப்பவர் புரோநோட்டோடு நிற்காமல் செக்கும் கேட்பது இதனால்தான். இவ்வழக்குகளில் நீதிமன்றங்கள் கையெழுத்துக்குத் தரும் கவனத்தில் பாதியையாவது வங்கி ஏட்டுக்குத் தர வேண்டும் என்பதே இங்கு என் வாதம்.

1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, முத்திரையிட்ட தாளில் ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தைப் பெற்றவருக்கு அளிக்கிறது. ஆனால் அந்த முத்திரை தாங்கும் தொகைக்கு மேல் எழுதக்கூடாது என்று ஒரு வேலியும் போட்டிருக்கிறது. வேலி இன்று பெயருக்குத்தான் நிற்கிறது. கேட்டவுடன் தரவேண்டிய புரோநோட்டில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எத்தொகையானாலும் தீர்வை 25 காசுதான். ஒரு ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுத்தாளில் கோடி ரூபாயும் எழுதலாம். செக்குக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது. ஆகவே 20ஆம் பிரிவின் சொற்கள் செக்குக்கு நேராகப் பொருந்துவது ஐயத்துக்குரியது. இருந்தும் பீர் சிங் வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம் அப்பிரிவையும் துணைக்கு அழைத்தே, விரும்பிக் கொடுத்த வெற்றுச் செக்குக்கும், செக் கடனுக்காகவே தரப்பட்டது என்ற 139ஆம் பிரிவின் அனுமானம் உண்டு என்றது.

திருப்பூரிலிருந்து போன கலாமணி டெக்ஸ் வழக்கிலும் (2021) அதே முடிவு. 11.20 லட்ச ரூபாய்க்கான செக் அது. விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. உயர் நீதிமன்றம் தண்டித்தது. உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனால் அங்கே செக்கோடு, கையெழுத்து மறுக்கப்படாத பொறுப்பேற்புப் பத்திரமும் இருந்தது. வேறு எந்தத் தாளும் இல்லாத கிராமத்துக் கைமாற்றுக்கு அத்தீர்ப்பை அப்படியே நீட்டுவது சரியல்ல.

வங்கியின் பொறுப்பில் சட்டம் வேறு முகம் காட்டுகிறது. கனரா சேல்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில் (1987) நிறுவனத்தின் கணக்காளர் 42 செக்குகளில் போலிக் கையெழுத்திட்டுப் பணம் எடுத்திருந்தார். வாடிக்கையாளர் பாஸ்புத்தகத்தைச் சரிபார்க்கவில்லை என்ற வங்கியின் வாதம் எடுபடவில்லை. இழப்பு வங்கியைச் சேர்ந்தது. போலிக் கையெழுத்துக்கு வங்கி பதில் சொல்ல வேண்டும். உண்மையான கையெழுத்துக்கு மேலே வேறொருவர் எழுதிய தொகைக்கு வங்கி பொறுப்பல்ல. அது நியாயமே, கவுண்டரில் இருப்பவருக்கு அது தெரிய வழியில்லை. பொறுப்பில்லை என்பதால் வங்கிக்கு வழக்கில் வேலையே இல்லை என்றாகிவிடாது.

ஒரு செக் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். பதினொன்றாவது இலையும் பதின்மூன்றாவது இலையும் 2019இல் பணமாகிவிட்டன. நடுவிலுள்ள இலை மட்டும் 2023 தேதியோடு வருகிறது. கையெழுத்து ஒரு மசி, தொகை வேறு மசி என்பதைவிட இது எவ்வளவோ வலுவான செய்தி. இதைக் காட்ட, 1891ஆம் ஆண்டு வங்கி ஏடுகள் சாட்சியச் சட்டப்படி வங்கி ஏட்டின் சான்றிட்ட நகலே போதும். பழைய இலை என்பதாலேயே கடன் பொய்யாகிவிடாது. உத்தரவாதமாகக் கொடுத்த செக்கும் கடன் கெடு தாண்டினால் செல்லும். ஆனால் எதிரி ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை, நிகழ்தகவின் அளவில் காட்டினால் போதும் என்று ரங்கப்பா வழக்கு (2010) சொல்லிவிட்டது. அந்த அளவுக்கு இலை எண் கனமான சான்று.

சிக்கல் காலத்தில் இருக்கிறது. 1985ஆம் ஆண்டு விதிகளின்படி வங்கிகள் சில ஏடுகளை 5 ஆண்டும் சிலவற்றை 8 ஆண்டும் காத்தால் போதும். கலாமணி டெக்ஸ் செக்கின் தேதி 2000. இறுதித் தீர்ப்பு 2021. செக் திரும்பியபின் பணம் கேட்டு வரும் நோட்டீஸ் கிடைத்த 15 நாளைச் சும்மா கழித்துவிட்டுச் சம்மன் வந்தபின் வக்கீலைத் தேடுகிறவருக்கு ஏடு கிடைக்காமலே போகலாம்.

2021 ஜனவரி 1 முதல் வந்த பாசிட்டிவ் பே முறையில், 50,000 ரூபாயும் அதற்கு மேலுமான செக்கின் விவரத்தைக் கொடுப்பவரே வங்கிக்கு முன்கூட்டித் தெரிவிக்கலாம். தெரிவிக்காததைச் செக் பொய் என்பதற்குச் சான்றாக்குவதை நான் ஏற்கவில்லை. அப்படியானால் வாய்மூடி இருந்தே நேர்மையான கடனையும் ஏமாற்றலாம். இதைவிட எளிய வழி உண்டு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, செக் திரும்பியதற்கு வங்கியின் ரிட்டர்ன் மெமோவை முதல்நிலைச் சான்றாக ஏற்கிறது. அந்த மெமோவிலேயே அவ்விலை வாடிக்கையாளருக்கு வழங்கப்பட்ட தேதியையும் அதற்கு முன்பின் இலைகள் பணமான தேதிகளையும் அச்சிட ரிசர்வ் வங்கி உத்தரவிட்டால், ஏடு அழியும் முன்பே அந்தச் செய்தி வழக்குக் கட்டில் ஏறிவிடும்.