ஒரு குப்பி விசுவாசம்

1981-ம் வருடம் மே மாதம் 26-ம் தேதி. நள்ளிரவுக்கு இன்னும் சில நிமிடங்கள் பாக்கி. ஃப்ளோரிடா கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில் மிதந்துகொண்டிருந்தது நிமிட்ஸ். அமெரிக்கக் கடற்படையின் ராட்சஸ விமானந்தாங்கிக் கப்பல். அணுசக்தியில் ஓடுகிற மிதக்கும் ஊர். அதன் மேல்தளத்தில் இறங்க வந்த ஒரு பிரவ்ளர் ரக விமானம் தடம் பிசகி, அங்கே நிறுத்தி வைத்திருந்த மற்ற விமானங்கள் மீது மோதியது. தீ. அடுத்து வெடிப்பு. மொத்தம் 14 பேர் செத்துப்போனார்கள்.

விபத்து என்றால் விசாரணை உண்டல்லவா? இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்தார்கள். மேல்தளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சிலரது உடலில் கஞ்சாவின் சுவடு இருந்தது. விமானத்தை ஓட்டி வந்தவர் உடலில்? கஞ்சா இல்லை. ஜலதோஷ மருந்து. அதுவும் அளவுக்கு மீறி.

இந்த இடத்தை கவனியுங்கள். விமானத்தை ஓட்டியவர்கள் கஞ்சா அடிக்கவில்லை. கஞ்சா அடித்தவர்கள் விமானம் ஓட்டவில்லை. விபத்துக்குக் காரணம் போதை அல்ல என்றுதான் கடற்படையே சொன்னது. ஆனால் மறுநாள் பேப்பரில் எது தலைப்பாக வரும்? ஜலதோஷ மருந்தா, கஞ்சாவா?

அந்த வருடம் முடிவதற்குள் கடற்படைத் தலைமைத் தளபதி தாமஸ் ஹேவர்ட் முடிவெடுத்துவிட்டார். என் கப்பலில் போதைக்கு இடமில்லை. இனி எந்த மாலுமியையும், எந்த நேரத்திலும், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூப்பிட்டுக் கையில் ஒரு குப்பியைக் கொடுக்கலாம். நிரப்பிக் கொடு. அவ்வளவுதான். ஆபீஸ், ஃபேக்டரி, ஸ்கூல் என்று அமெரிக்கா முழுக்கப் பரவிய குப்பி இப்படித்தான் கப்பலில் இருந்து இறங்கி வந்தது.

அதற்கு முன்பே ஒரு ஒத்திகை நடந்திருக்கிறது. 1971. வியட்நாமில் அமெரிக்க சிப்பாய்களுக்குப் பெட்டிக்கடையில் மிட்டாய் கிடைப்பதைப்போல ஹெராயின் கிடைத்துக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்த இரண்டு எம்.பி.க்கள், சிப்பாய்களில் பத்து முதல் பதினைந்து சதவிகிதம் பேர் அடிமைகள் என்று சொல்ல, ஜனாதிபதி நிக்ஸனுக்குத் தூக்கம் போயிற்று. துப்பாக்கிப் பயிற்சி பெற்ற ஆயிரக்கணக்கான ஹெராயின் அடிமைகள் ஊர் திரும்பினால் என்ன ஆகும்? உடனே ஓர் உத்தரவு போட்டார். சிறுநீர்ப் பரிசோதனையில் பாஸானால்தான் வீட்டுக்கு விமானம். ஃபெயிலானால் அங்கேயே இருந்து சிகிச்சை எடுத்துக்கொண்டு வா. ராணுவத்தில் இதற்கு வைத்த பெயர், ஆபரேஷன் கோல்டன் ஃப்ளோ. தங்கப் பெருக்கு! பெயர் வைப்பதில் அவர்களை அடித்துக்கொள்ள முடியாது.

பிறகு லீ ராபின்ஸ் என்கிற ஆராய்ச்சியாளர், திரும்பி வந்த சிப்பாய்களைத் தேடித் தேடிப் பேசினார். வியட்நாமில் அடிமையாக இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். யுத்தம் போனது, ஹெராயினும் போனது. போதைப் பழக்கம் பற்றி உலகம் நம்பிக்கொண்டிருந்த பலவற்றைப் புரட்டிப் போட்ட ஆய்வு அது. ஆனால் அரசாங்கங்களுக்கு ஆய்வு பிடிப்பதில்லை. குப்பிதான் பிடித்துப்போனது.

சரி, கடற்படையில் குப்பி வேலை செய்ததா? செய்தது என்றுதான் சொல்லவேண்டும். 1980-ல் முப்படைகளிலும் எடுத்த கணக்கில், கடந்த ஒரு மாதத்துக்குள் போதை எடுத்தேன் என்றவர்கள் நாலில் ஒரு பங்குக்கும் மேல். 1998-ல் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. ஆனால் இதற்கு நடுவே ஒரு கூத்து நடந்தது. பரிசோதனைக் கூடங்களில் வந்து குவிந்த குப்பிகளைச் சமாளிக்க முடியவில்லை. எது யாருடையது, யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது என்பதற்கே ஒழுங்கான கணக்கில்லை. 1982, 83 வருடங்களில் தந்த ஆயிரக்கணக்கான முடிவுகள் நம்பத்தகுந்தவை அல்ல என்று 1984-ல் ராணுவமே ஒப்புக்கொண்டது. அதற்குள் எத்தனை பேருக்கு வேலை போயிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

1986-க்கு வருவோம். ஜூன் மாதம். லென் பயாஸ் என்று 22 வயது கூடைப்பந்து வீரர். பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்து இரண்டே நாள். கொகெய்ன். இறந்துபோனார். அமெரிக்கா கதறியது. ஏற்கெனவே நான்சி ரீகன் 'வேண்டாம் என்று சொல்' என்று ஊர் ஊராகப் பிரசாரம் செய்துகொண்டிருந்தார். தேர்தல் வருடம் வேறு. கேட்க வேண்டுமா? ஆகஸ்டில் ஜனாதிபதி ரீகனும் துணை ஜனாதிபதி புஷ்ஷும் தாங்களே முன்வந்து குப்பியை நிரப்பிக் கொடுத்தார்கள். வெள்ளை மாளிகை அதிகாரிகளும் வரிசையில் நின்றார்கள். உலகத்தின் சக்தி வாய்ந்த மனிதரின் சிறுநீர், அதிகாரபூர்வமாக சுத்தம்!

செப்டம்பர் 14-ம் தேதி ரீகனும் நான்சியும் சோபாவில் ஜோடியாக உட்கார்ந்து டி.வி.யில் பேசினார்கள். மறுநாள் அரசாணை வந்தது. முக்கியப் பொறுப்புகளில் இருக்கிற மத்திய அரசு ஊழியர்களுக்குப் பரிசோதனை. ரீகனின் விண்வெளி ஏவுகணைத் திட்டத்தை 'ஸ்டார் வார்ஸ்' என்று கிண்டலடித்த பத்திரிகைகள், இதை 'ஜார் வார்ஸ்' என்றன. குப்பி யுத்தம்.

கிண்டல் அடுத்த ஜனவரியில் நின்றுபோனது. 1987 ஜனவரி 4. மேரிலாந்து மாநிலத்தில் சேஸ் என்ற இடம். வாஷிங்டனில் இருந்து பாஸ்டன் போகிற ஆம்ட்ராக் ரயில் வேகமாக வந்துகொண்டிருந்தது. பக்கத்துப் பாதையில் வந்த சரக்கு கம்பெனியின் எஞ்சின்கள் சிக்னலை மதிக்காமல் தாண்டி, இந்த ரயிலின் பாதையில் குறுக்கே வந்து நின்றன. 16 பேர் பலி. சரக்கு எஞ்சினை ஓட்டியவரும் கூட இருந்தவரும் கஞ்சா புகைத்திருந்தார்கள். பரிசோதனை சொன்னது, ஓட்டியவரும் பிறகு ஒப்புக்கொண்டார், ஜெயிலுக்குப் போனார்.

ரயில் ஓட்டுகிறவர், விமானம் ஓட்டுகிறவர், அணு உலையில் வேலை செய்கிறவர் - இவர்களைச் சோதிக்கக் கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த ரயிலில் நம் வீட்டுப் பிள்ளை இருந்தால் யாருமே சொல்ல மாட்டோம். ஆனால் சேஸ் விபத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. எஞ்சினில், சிக்னல் மாறினால் அலறுகிற எச்சரிக்கை விசில் ஒன்று இருந்தது. சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று யாரோ அதன் வாயை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். எந்தக் குப்பியும் அந்த டேப்பைக் காட்டிக்கொடுத்திருக்காது.

இப்போது கோர்ட்டுக்குப் போகலாம். அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம், 1791-ல் வந்தது. தகுந்த காரணம் இல்லாமல் அரசாங்கம் ஒருவரையோ அவர் வீட்டையோ சோதனை போடக் கூடாது. பிரிட்டிஷ் அதிகாரிகள் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்து குடைந்த கடுப்பில் எழுதிய வரிகள். வீட்டுக்குள் நுழையக் கூடாது, சரி. உடம்புக்குள்?

1989 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள் சொன்னது. விபத்துக்குப் பிறகு ரயில்வே ஊழியர்களைச் சோதிக்கலாம் - இதில் பெரிய சண்டை இல்லை, ஏழுக்கு இரண்டு. இன்னொன்று சுங்கத்துறை வழக்கு. போதை கடத்தலைத் தடுக்கிற பிரிவுக்குப் பதவி உயர்வு கேட்கிறவர்களைச் சோதிக்கலாமா? ஐந்துக்கு நாலு என்று தட்டுத்தடுமாறி பாஸானது. எதிர்த்து எழுதிய நாலு பேரில் ஒருவர் அந்தோனின் ஸ்காலியா. பழுத்த வலதுசாரி. அவரிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. சுங்கத்துறை சோதித்த 3,600 பேரில் சிக்கியது வெறும் ஐந்து பேர். இங்கே பிரச்னை என்று ஒன்று இருப்பதற்கே அத்தாட்சி இல்லையே, வெறும் அடையாளத்துக்காகவா மனிதர்களின் மானத்தைப் பலி கொடுப்பது என்று வெளுத்து வாங்கினார்.

இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவார்.

தனியார் கம்பெனிகளுக்கு இந்தத் தலைவலியே இல்லை. நான்காவது திருத்தம் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், முதலாளியை அல்ல. பெரிய கம்பெனிகளிடம் எடுத்த கணக்குப்படி, 1987-ல் ஐந்தில் ஒரு கம்பெனி பரிசோதித்தது. 1996-ல் ஐந்தில் நாலு. சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்குகிற வேலைக்கும் குப்பி. பிடிக்காவிட்டால் அந்த வேலைக்குப் போகாதே, அவ்வளவுதான்.

ஆரிகன் மாநிலத்தில் வெர்னோனியா என்று ஒரு சின்ன ஊர். மரம் வெட்டுவது பிரதான தொழில். எண்பதுகளின் இறுதியில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எதிர்த்துப் பேசுகிறார்கள், ஒழுங்கில்லை, போதைதான் காரணம் என்று ஆசிரியர்கள் புகார் சொன்னார்கள். 1989-ல் பள்ளி நிர்வாகம் ஒரு விதி போட்டது. விளையாட்டில் சேருகிற அத்தனை பேரும் குப்பி கொடுக்க வேண்டும். பிறகு வாராவாரம் பத்து சதவிகிதம் பேரைக் குலுக்கல் போட்டு எடுப்பார்கள். பையன்கள் திரும்பி நிற்க, பின்னால் ஒரு பெரியவர் கண்காணிப்பார். ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா? அதையும் முன்கூட்டியே எழுதிக் கொடு.

1991-ல் ஜேம்ஸ் ஆக்டன் என்கிற ஏழாம் வகுப்புப் பையன் கால்பந்து ஆட ஆசைப்பட்டான். அமெரிக்கக் கால்பந்து. அப்பா, அம்மா கையெழுத்துப் போட மறுத்தார்கள். எங்கள் பிள்ளை மீது உங்களுக்கு என்ன சந்தேகம்? ஒன்றுமில்லை. பிறகு எதற்கு? பதில் இல்லை. கையெழுத்து இல்லாவிட்டால் பந்து இல்லை என்றது பள்ளி. பையன் வழக்குப் போட்டான். அது உச்ச நீதிமன்றம் வரை போனது.

1995-ல் தீர்ப்பு. ஆறுக்கு மூன்று, பள்ளிக்கே வெற்றி. எழுதியவர் யார் தெரியுமா? அதே ஸ்காலியா! பிள்ளைகள் பள்ளியின் பொறுப்பில் இருப்பவர்கள், விளையாட்டு வீரர்கள் எல்லோர் முன்னாலும் உடை மாற்றுகிறவர்கள், அவர்களுக்கு என்ன பெரிய கூச்சம் என்கிற ரீதியில் போனது வாதம். வெர்னோனியாவில் பிரச்னைக்கு அத்தாட்சி இருந்தது, சுங்கத்துறையில் இல்லை என்பது அவர் சொன்ன வித்தியாசம். துப்பாக்கி தூக்கும் அதிகாரிக்கு இருக்கிற மானம் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இல்லாமல் போனது எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் எதிர்த்தார். யார் மீது சந்தேகமோ அவர்களை மட்டும் சோதியுங்களேன், எதற்கு எல்லோரையும் நிற்க வைக்கிறீர்கள் என்றார்.

விளையாட்டோடு நின்றதா? ம்ஹூம். ஒக்லஹோமாவில் டெகும்சே என்ற ஊரில் பாட்டுக் குழுவுக்கும் குப்பி வந்தது. பேண்டு வாத்தியம் வாசிக்கிறாயா, குப்பி. விவசாய மாணவர் சங்கத்தில் இருக்கிறாயா, குப்பி. லிண்ட்சே ஏர்ல்ஸ் என்கிற மாணவி பாட்டுக் குழு, பேண்டு, வினாடி வினா எல்லாவற்றிலும் இருந்தாள். கழிப்பறைக் கதவுக்கு வெளியே ஆசிரியர் நின்று, உள்ளே சத்தம் சரியாக வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். விதியிலேயே அப்படித்தான் இருந்தது. அவள் சோதனையில் பாஸாகிவிட்டாள். ஆனாலும் வழக்குப் போட்டாள். பின்னே? தப்பு செய்தவன் போட்டால்தான் வழக்கா?

2002-ல் ஐந்துக்கு நாலு என்று தோற்றாள். 1995-ல் பள்ளியின் பக்கம் நின்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இந்த முறை எதிர்ப்பக்கம். பாட்டுப் பாடுவதிலும் மாடு வளர்ப்பதிலும் அப்படி என்ன ஆபத்து, ட்யூபா வாத்தியங்கள் மோதிக்கொள்ளுமா என்று நக்கலடித்தார். நக்கலுக்கு நடுவே ஒரு கேள்வி. பள்ளி முடிந்ததும் பாட்டு, ஆட்டம் என்று இருக்கிற பிள்ளைகள்தான் போதைப் பக்கம் குறைவாகப் போகிறார்கள். வழி தவறக்கூடிய பிள்ளையையும் அங்கே இழுக்க வேண்டிய நேரத்தில், வாசலில் குப்பியோடு ஆள் நிறுத்தினால் அவன் உள்ளே வருவானா?

மறு வருடமே மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 76,000 மாணவர்களின் தகவலை வைத்துப் பார்த்தார்கள். சோதிக்கிற பள்ளி, சோதிக்காத பள்ளி, இரண்டிலும் போதைப் பழக்கம் ஏறக்குறைய ஒரே அளவு. 2010-ல் வந்த அரசு ஆய்வு கொஞ்சம் மாறிச் சொன்னது. சோதிக்கிற பள்ளிகளில், கடந்த மாதம் எடுத்தேன் என்றவர்கள் 16 சதவிகிதம், மற்றவற்றில் 22. ஆனால் இனிமேல் எடுப்பாயா என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் ஒரே பதில். 2015-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், பள்ளிகளில் இது வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

சோதனையிலேயே ஒரு கோளாறு உண்டு. குப்பி காட்டுவது இந்த நிமிடத்து போதையை அல்ல, பழைய கதையை. கொகெய்ன் இரண்டு மூன்று நாளில் கரைந்துவிடும். குடித்த சாராயம் சில மணி நேரத்தில் போய்விடும். கஞ்சாவின் மிச்சமோ, வழக்கமாகப் புகைப்பவர் உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். விளைவு? நேற்று ராத்திரி முட்டக் குடித்தவன் பாஸ். போன வாரம் கஞ்சா இழுத்தவன் ஃபெயில். வேலை கெட்டுப்போனது யாரால் என்பது குப்பிக்குத் தெரியாது.

நம் சமையலறைக்கும் இதில் சம்பந்தம் உண்டு. குருமாவில் அரைத்து விடுகிறோமே கசகசா, அது அபினிச் செடியின் விதை. கசகசா தூவிய ரொட்டி சாப்பிட்டவர்கள் அபினி சோதனையில் சிக்கிக்கொண்டே இருந்தார்கள். பாசிட்டிவ் என்று வந்தவற்றில் பெரும்பகுதி, டாக்டர் கூப்பிட்டு விசாரித்ததும் புஸ்ஸென்று போனது. கடைசியில் 1998-ல் அரசாங்கம் அளவுகோலையே 300 நானோகிராமில் இருந்து 2,000-க்கு உயர்த்தியது. துபாய்க்குப் போகிற மகனுக்கு இன்றும் கசகசாப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே தடை.

குப்பி பெருகினால் தில்லுமுல்லும் பெருகும். தென் கரோலினாவில் ஒருவர் தன் சுத்தமான சிறுநீரைப் பாக்கெட் போட்டுத் தபாலில் விற்றார். அதைத் தடுப்பதற்கென்றே மாநிலம் சட்டம் கொண்டு வந்தது! 2005-ல் ஒரு கால்பந்து வீரர் மினியாபொலிஸ் விமான நிலையத்தில் மாட்டினார். பையில் பொடியாக்கிய சிறுநீர், கூடவே செயற்கை உறுப்பு ஒன்று. விலாவாரியாக எழுத வேண்டாம், புரிந்திருக்கும்.

இப்போது காற்று திசை மாறியிருக்கிறது. 2020 ஜனவரியில் நெவாடா, கஞ்சா சோதனையைக் காரணம் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்றது, சில வேலைகள் நீங்கலாக. 2021-ல் அமேசான், பெரும்பாலான வேலைகளுக்குக் கஞ்சா சோதனையைக் கைவிட்டது. கோர்ட் சொல்லி அல்ல. வேலைக்கு நிறைய ஆள் வேண்டியிருந்தது.

மத்திய அரசின் போக்குவரத்து விதிகள் மட்டும் அப்படியே. கொலராடோவில் ஒரு லாரி டிரைவர், சனிக்கிழமை லீவில், மாநில அரசு லைசென்ஸ் கொடுத்த கடையில் கஞ்சா வாங்கிப் புகைக்கலாம். மாநிலச் சட்டப்படி குற்றமில்லை. புதன்கிழமை குலுக்கலில் அவர் பெயர் வந்தால், குப்பியை நீட்டியாக வேண்டும். பாசிட்டிவ் வந்தால் வண்டியை விட்டு இறங்க வேண்டியதுதான். கடை ரசீதைக் காட்டலாம். செல்லாது.