பிராக்குப் பார்க்கிற மூளை

போன கிழமை பெற்றோர் கூட்டம் முடிகிற நேரம் ஒரு உம்மா என்னிடம் வந்தார். "சேர், இவன் புத்தகத்தத் தொறந்து வச்சிக்கிட்டு யன்னலால பிராக்குப் பாத்துக்கிட்டே இரிக்கான். மூளையில ஏதும் கொறையோ?" என்று கேட்டார். பிள்ளை தரம் 5. புலமைப்பரிசில் பரீட்சை கிட்ட வருகிறது, அவருடைய பயம் எனக்கு விளங்கியது. பின்னால் ஆட்கள் நின்றதால் "ஒண்டும் பயப்படாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாத பதில். முழுப் பதிலுக்கு நூறு வருடக் கதை ஒன்று சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

ஜெர்மனியின் ஜெனா நகரத்தில் ஹான்ஸ் பெர்கர் என்று ஒரு மனநோய் வைத்தியர் இருந்தார். இளவயதில் இராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் தப்பியவர். அன்றைக்கே, தூரத்து ஊரில் இருந்த அவருடைய சகோதரிக்கு மனம் பதைத்து, தகப்பனை நச்சரித்துத் தந்தி அடிக்க வைத்தாராம். ஒருவரின் எண்ணம் இன்னொருவரின் தலைக்குப் போகுமா என்ற கேள்வி அன்று அவரைப் பிடித்தது. அதற்கு அவருக்கு விடை கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொன்று. 1924இல் முதன்முறையாக மனித மூளையின் மின்னலைகளைத் தலைக்கு வெளியிலிருந்து பதிந்தார். இன்று வலிப்பு நோய்க்கு ஆஸ்பத்திரியில் எடுக்கிற ஈ.ஈ.ஜி. அதுதான்.

1929இல் அதை வெளியிட்டார். கண்ணை மூடிச் சும்மா படுத்திருக்கிறவரிடம்தான் ஒழுங்கான பெரிய அலை வந்தது. கண்ணைத் திறந்தால் அது குறைந்தது. சும்மா இருக்கிற மூளை உண்மையில் சும்மா இல்லை என்று அவர் சொன்னதைப் பலர் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் அட்ரியனும் மாத்யூஸும் அதே அலைகளைக் காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அடுத்தது 1955. அமெரிக்காவில் லூயிஸ் சோகொலொஃப் என்பவரும் கூட்டாளிகளும், மனக்கணக்குச் செய்யும்போது மூளைக்கு எவ்வளவு ஒட்சிசன் கூடுதலாகச் செலவாகிறது என்று அளந்தார்கள். ஆச்சரியம், மொத்தச் செலவு கூடவேயில்லை. வீட்டில் எல்லாரும் ஊருக்குப் போயிருந்தும் கரண்ட் பில் குறையாமல் வந்தால் நாம் என்ன நினைப்போம்? உள்ளே ஏதோ ஓடுகிறது என்றுதானே. உடம்பின் நிறையில் மூளை 2 வீதம்தான், சக்தியில் 20 வீதம் அதற்குப் போகிறது. (நாம் மூளையில் 10 வீதம்தான் பாவிக்கிறோம் என்று ஒரு செயலமர்வில் எனக்கும் சொல்லித் தந்தார்கள். நானும் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பிழை.)

ஓடுவது என்ன? 1995இல் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் பாரத் பிஸ்வால் என்ற ஆய்வு மாணவர் எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்த 'இரைச்சலை'க் கழித்துச் சுத்தமாக்கப் பார்த்தார். கையை அசைக்காமல் கிடந்த ஆட்களின் மூளையில், இடது பக்கமும் வலது பக்கமும் கையை ஆட்டுவிக்கிற இரண்டு பகுதிகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. குப்பை என்று கழிக்க நினைத்தது, தூர தூரப் பகுதிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த பேச்சு. மூளையை வலையமைப்பாகப் பார்க்கிற இன்றைய ஆராய்ச்சியின் பெரும் பகுதி அந்தக் குப்பையிலிருந்து வந்ததுதான்.

2001இல் சென் லூயிஸ் நகரத்தின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ரெய்க்கில் குழுவினர் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். வேலை கொடுத்தால் அடங்கி, வேலை இல்லாதபோது உயர்கிற பகுதிகள் நெற்றிக்குப் பின்னால் நடுவிலும், பின்பக்க நடுவிலும், இரு பக்கங்களிலும் இருந்தன. தமிழில் இயல்புநிலை வலையமைப்பு எனலாம். பழையதை நினைப்பது, நாளையைக் கற்பனை செய்வது, அடுத்தவர் மனதில் என்ன இருக்கும் என்று யோசிப்பது எல்லாவற்றிலும் இதே பகுதிகள் வருகின்றன. அல்சைமர் என்ற மறதி நோயில் இந்த வலை தளர்வதை 2004இல் ஸ்டான்ஃபர்டில் கண்டார்கள்.

அதற்காகப் பாட நேரத்தில் பிராக்குப் பார்ப்பது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. கவனத்துக்கான வலை உயரும்போது பொதுவாக இது இறங்குகிறது, இது உயர்ந்தால் அது இறங்குகிறது. கண் வரியில் ஓடும், மனம் வேறெங்கோ நிற்கும், ஒன்றும் ஏறாது. 2010இல் ஹார்வர்டில் ஆட்களின் ஃபோனுக்கு இடைக்கிடையே கேள்வி அனுப்பிப் பார்த்தபோது, ஏறத்தாழ 47 வீதமான தருணங்களில் மனம் செய்கிற வேலையில் இல்லை. அப்படியான தருணங்களில் மகிழ்ச்சியும் குறைவு. ஆக, பெரியவர்களான நாமும் பாதி நேரம் யன்னலுக்கு வெளியேதான்.

அந்த உம்மாவுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். குறை மூளையில் இல்லை, நேரசூசியில் இருக்கிறது. காலையில் பாடசாலை, பின்னேரம் ஒரு ரியூஷன், மஃரிபுக்குப் பிறகு இன்னொன்று. சும்மா இருக்க அரை மணித்தியாலம் கூட இல்லாத பிள்ளை அதை வகுப்பில் எடுத்துக்கொள்கிறது. அந்த அரை மணித்தியாலத்தை வீட்டில் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்த நாள் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "யன்னலால என்ன மகன் பாக்காய்?" என்று கேட்டேன்.

"வாப்பா வாற மாசம் கட்டாரால வாறார் சேர். எந்த ரோட்டால வருவார் எண்டு பாத்த."